72-ஆ, 27-ஆ? இரண்டு பகடைக்குள் நூறு எண்கள்!

மேசை மேல் இரண்டு பகடைகள் உருண்டு நிற்கின்றன. ஒன்றில் 7. இன்னொன்றில் 2.

"இருபத்தேழு! பொழைச்சாச்சு!" என்று துள்ளுகிறான் தம்பி.

"எப்படிடா இருபத்தேழு? எழுபத்திரண்டா இருந்தா?" என்கிறாள் அக்கா.

மேசையைச் சுற்றி அமைதி. 27 என்றால் ஓர் உயிர் பிழைக்கும். 72 என்றால் போய்விடும். நிஜ உயிர் இல்லை, கதையில் வரும் உயிர்தான். ஆனால், மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கதாபாத்திரமாகவே வாழ்ந்துவந்த கடைக்குட்டியின் முகத்தைப் பார்த்தால், அந்த வித்தியாசம் தெரியாது.

இந்த வீடு கற்பனை. ஆனால் 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்' ஆடும் எந்த வீட்டிலும் என்றாவது ஒரு நாள் இந்த வழக்கு வரும். இரண்டு பகடையை எப்படிப் படிப்பது என்பது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய சங்கதி. எப்போது முடிவு செய்வது என்பதில்தான் நியாயமே இருக்கிறது.

பேசியே ஆடும் ஆட்டம்

கேரம், செஸ் போல இதற்குப் பலகை கட்டாயம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். "கதவு பூட்டியிருக்கு. என்ன செய்யறீங்க?" என்று கதை நடத்துபவர் கேட்பார். "ஜன்னல் வழியா ஏறிப் பார்க்கிறேன்" என்பார் ஒருவர். ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தாரா? அதை யார் சொல்வது? கதை நடத்துபவர் சொன்னால் பாரபட்சம் என்பார்கள். ஆடுபவரே சொன்னால் யாருமே வழுக்கி விழ மாட்டார்கள். அந்த இடத்தில்தான் பகடை வருகிறது.

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி, 1974-ல் வெளிவந்தது. 2016-ல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வெப் சீரிஸில் நான்கு சிறுவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான்.

நம் கற்பனை வீட்டில் நடப்பது 'கால் ஆஃப் கதுல்ஹு'. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981-ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட திகில் ஆட்டம். கதை பெரும்பாலும் 1920-களின் அமெரிக்காவில் நடக்கும். மர்மங்களைத் துப்பறிவதுதான் வேலை. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. நூலகத்தில் தேடுவது, ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, ஒட்டுக்கேட்பது என ஒவ்வொரு திறமைக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் சதவீதம்.

முதலுதவிக்கு அந்த ஆட்டம் எல்லோருக்குமே 30 கொடுத்துவிடுகிறது. தனியாகக் கற்றுக்கொண்டவருக்குத்தான் அதற்கு மேல். தம்பியின் கதாபாத்திரம் ஒரு பத்திரிகையாளர். முதலுதவியெல்லாம் கற்றவர் இல்லை. கடைக்குட்டியின் கதாபாத்திரமான தொல்லியல் ஆய்வாளர் காயம்பட்டுக் கிடக்கிறார். பத்திரிகையாளர் அவருக்குக் கட்டுப்போட வேண்டும். பகடையில் 30 அல்லது அதற்குக் குறைவாக விழுந்தால் உயிர் நிற்கும். விழுந்ததோ ஒரு ஏழு, ஒரு இரண்டு.

பத்து முகம், நூறு எண்

நமக்குப் பழக்கமான பகடைக்கு ஆறு முகம். இந்த ஆட்டங்களில் நான்கு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகளும் உண்டு. சதவீதம் பார்க்கப் பயன்படுவது பத்து முகப் பகடை. ஒவ்வொரு முகமும் சின்னக் காற்றாடிப் பட்டம் போல இருக்கும். எண்கள் 1 முதல் 10 வரை இல்லை, 0 முதல் 9 வரை. புதிதாக வாங்குபவர்கள் முதலில் கேட்பதே, "இதென்ன, பூஜ்யம் இருக்கு?" என்றுதான்.

பூஜ்யம் இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு பகடைகளையும் கூட்டக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். ஒன்று பத்துகளின் இடம், இன்னொன்று ஒன்றுகளின் இடம். இரண்டாம் வகுப்பில் படித்த இட மதிப்புதான். பத்துப் பகடையில் 4, ஒன்றுப் பகடையில் 6 என்றால் 46. பத்துப் பகடையில் 0, ஒன்றுப் பகடையில் 8 என்றால் வெறும் 8. பத்துப் பகடையில் 9, ஒன்றுப் பகடையில் 0 என்றால் 90.

குழப்பம் வேண்டாம் என்று இப்போது வரும் செட்டுகளில் ஒரு பகடையில் 00, 10, 20 எனத் தொடங்கி 90 வரை இரட்டை இலக்கமாகவே அச்சிட்டுவிடுகிறார்கள். அதுதான் பத்துப் பகடை. 70-ம் 2-ம் விழுந்தால் 72. அங்கே வழக்கே இல்லை.

கூட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பகடையையும் 1 முதல் 10 வரை என்று வைத்துக் கூட்டினால், 2 முதல் 20 வரைதான் கிடைக்கும். அதிலும் எல்லா எண்ணும் சமமாக வராது. 11 கிடைக்கப் பத்து வழிகள் இருக்கின்றன. 2 கிடைக்க ஒரே வழிதான். பக்கத்தில் வைத்துப் படித்தால் அப்படி இல்லை. பத்துக்குப் பத்து, மொத்தம் நூறு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஓர் எண். எந்த எண்ணுக்கும் சலுகை கிடையாது.

இதற்கு 'பெர்சன்டைல் டைஸ்' என்று பெயர். ஜே.இ.இ. ரிசல்ட்டில் வரும் பெர்சன்டைல் வேறு. அது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு வருவது. இங்கே வெறும் சதவீதம் என்று புரிந்துகொண்டால் போதும்.

வீட்டில் பத்து முகப் பகடை இல்லையா? 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். முதலில் எடுப்பது பத்துகளின் இடம். பார்த்துவிட்டு அந்தச் சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். அடுத்து எடுப்பது ஒன்றுகளின் இடம். திரும்பப் போடாவிட்டால் 11, 22, 33 போன்றவை வரவே வராது.

பாட்டிக்குத் தெரிந்த பூஜ்யம்

இரண்டிலுமே பூஜ்யம் விழுந்தால்?

அன்று மதியம் அது நடந்தது. "ஜீரோ! சூப்பர், இதைவிடக் குறைவா வர முடியாது" என்று குதித்தான் தம்பி. "அது ஜீரோ இல்லடா, நூறு" என்றாள் அக்கா. தம்பிக்குக் கோபம். "ரெண்டு பூஜ்யம் சேர்ந்தா எப்படி நூறாகும்?"

பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "தாயத்துல ரெண்டு கட்டையும் வெறுமையா விழுந்தா எவ்வளவுடா கண்ணா?"

"பன்னெண்டு."

"அது மட்டும் எப்படி ஆச்சாம்?"

பாட்டி சொன்னது சரிதான். தாயக்கட்டையின் நான்கு பட்டைகளில் மூன்றில் 1, 2, 3 என்று புள்ளிகள். நான்காவது வெறுமை. இரண்டு கட்டையையும் கூட்டிப் பார்த்தால் வெறுமையும் வெறுமையும் பூஜ்யம்தான். ஆனால் அதைத்தான் ஆட்டத்தின் மிகப் பெரிய எண்ணாக, பன்னிரண்டாக வைத்துக்கொள்கிறோம். யாரும் சண்டை போடுவதில்லை, காய் வைப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

00-ம் 0-ம் சேர்ந்தால் 100 என்பதும் அப்படித்தான். 0 முதல் 99 வரை படித்தாலும் நூறு எண்கள், 1 முதல் 100 வரை படித்தாலும் நூறு எண்கள். பெரும்பாலான ஆட்டங்கள் 1 முதல் 100 வரை வேண்டும் என்பதால், அந்த ஒரே ஒரு ஜோடியை 100 என்று வைத்துக்கொள்கின்றன. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வீரனின் உடல் வலிமையை '18/00' என்று எழுதுவார்கள். அதன் பொருள் பதினெட்டும் பூஜ்யமும் அல்ல, பதினெட்டும் அதன் மேல் முழு நூறும். வீரன் எட்டக்கூடிய உச்சம். 2009-ல் வந்த 'எக்லிப்ஸ் ஃபேஸ்' என்ற ஆட்டமோ 00-ஐப் பூஜ்யமாகவே படிக்கச் சொல்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. சிலர் ஒன்றுப் பகடையின் 0-வை எப்போதும் பத்து என்றே எண்ணிக் கூட்டுவார்கள். 20-ம் 0-ம் விழுந்தால் அவர்களுக்கு 30. 90-ம் 0-ம் விழுந்தால் 100. 00-ம் 0-ம் விழுந்தால் 10. இது தவறா? உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், இந்த முறையிலும் 1 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒரே ஒரு முறைதான் வருகிறது. கணக்கில் குறையே இல்லை. 20-ம் 0-ம் விழுந்த பிறகு, "இந்தத் தடவை 20-ன்னு வெச்சுக்கலாம், அடுத்த தடவை 30" என்று சொல்லும்போதுதான் குறை வருகிறது.

குறைவா, அதிகமா... எது நல்லது?

தேர்வு மார்க் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 95 என்றால் சந்தோஷம். ஆனால் கால் ஆஃப் கதுல்ஹுவில் 95 விழுந்தால் தலையில் கை வைக்க வேண்டியதுதான். தாளில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ, அதற்குக் கீழேயோ விழுந்தால்தான் வெற்றி. 30 திறமைக்குச் சரியாக 30 விழுந்தாலும் வெற்றியே.

இப்படி வைத்ததில் ஒரு வசதி இருக்கிறது. தாளில் 30 என்று எழுதியிருந்தால், நூற்றில் முப்பது எண்கள் வெற்றி. அதாவது, வாய்ப்பு 30 சதவீதம். கணக்கே போட வேண்டாம். 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' இந்தப் பாணியைப் பிரபலமாக்கியது.

2014-ல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவின் ஏழாம் பதிப்பில் இன்னும் இரண்டு படிகள் உண்டு. கடினமான காரியத்துக்கு, திறமையில் பாதிக்குள் விழ வேண்டும். மிகக் கடினம் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குள். திறமை 50 என்றால் சாதாரணத்துக்கு 50, கடினத்துக்கு 25, மிகக் கடினத்துக்கு 10. வெறும் 1 விழுந்தால் அமோக வெற்றி. 100 விழுந்தால் பெரிய சொதப்பல். திறமை 50-க்குக் கீழே இருந்தால் 96 முதலே சொதப்பல் தொடங்கிவிடும்.

எல்லா ஆட்டமும் இப்படி இல்லை. 'ரோல்மாஸ்டர்' ஆட்டத்தில் அதிகம்தான் நல்லது. 96 அல்லது அதற்கு மேல் விழுந்தால் இன்னொரு முறை உருட்டி அதையும் கூட்டிக்கொள்ளலாம். 1986-ல் இங்கிலாந்திலிருந்து வந்த 'வார்ஹாமர் ஃபேண்டஸி ரோல்பிளே'யில் ஒரு குறும்பு உண்டு. சண்டையில் அடி விழுந்ததா என்று பார்க்க உருட்டிய அதே எண்ணைத் திருப்பிப் போட்டு, உடம்பில் எங்கே விழுந்தது என்று பார்ப்பார்கள். 27-ல் அடி விழுந்தால், இடத்துக்கு 72. அங்கே திருப்பிப் படிப்பது விதியிலேயே இருக்கிறது, எல்லோருக்கும் ஒன்றுபோல.

அந்தக் காலத்துப் பகடை

4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட ஐந்து வடிவங்களுக்குப் பிளாட்டோவின் பெயர் உண்டு. எல்லா முகமும் ஒரே மாதிரி, எல்லா மூலையும் ஒரே மாதிரி. பத்து முகம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அதனால் ஆரம்ப காலத்தில் சதவீதம் பார்க்க இருபது முகப் பகடையைத்தான் உருட்டினார்கள். அதில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை அச்சிட்டிருக்கும். பத்து முகப் பகடை பரவலானது 1980-களில்தான்.

அப்போது பல பகடைகளில் எண்கள் பள்ளமாக மட்டுமே இருக்கும், நிறம் இருக்காது. கூடவே ஒரு கிரேயான் துண்டு வரும். வாங்கியவர் தானே தேய்த்து நிறமேற்ற வேண்டும்.

ஒரே பகடையில் நூறு முகங்கள் வைத்தால் தொல்லை தீர்ந்ததே என்று யோசித்தவரும் உண்டு. அமெரிக்கப் பகடைத் தயாரிப்பாளர் லூ ஸோச்சி 1980-களில் நூறு முகப் பகடையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பார்க்க கோல்ஃப் பந்து போல இருக்கும். உருட்டினால் பந்து போலவே உருண்டுகொண்டே போகும். எப்போது நிற்கும், நின்றபின் எந்த முகம் மேலே என்று குனிந்து பார்க்க வேண்டும். ஆசைக்கு வாங்கி வைப்பவர்கள் உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு பத்து முகப் பகடைகள்தான் இன்றும் வழக்கம்.

முப்பது சதவீதம் என்றால் என்ன?

காலையில் போனைப் பார்க்கிறோம். 'மழைக்கு 30 சதவீத வாய்ப்பு.' குடை எடுக்காமல் போகிறோம். நனைந்து வந்து, "பொய் சொல்லிடுச்சு" என்கிறோம். பொய் இல்லை. 30 என்பது 'வராது' என்று அர்த்தமில்லை. பத்து முறை அப்படிச் சொன்னால், ஏறக்குறைய மூன்று முறை வரும் என்று அர்த்தம்.

பெர்சன்டைல் பகடை உருட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இது கையிலேயே படிந்துவிடும். 70 திறமை இருந்தும் தோற்ற நாட்கள் அவர்களுக்கு நினைவிருக்கும். 10 மட்டுமே இருந்தும் ஜெயித்த நாள் அதைவிட நன்றாக நினைவிருக்கும். 30 சதவீத வாய்ப்புள்ள காரியத்தை மூன்று முறை முயன்றால், ஒரு முறையாவது பலிக்க ஏறக்குறைய 66 சதவீத வாய்ப்பு. 90 இல்லை. மூன்று முறையும் தவற 0.7-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 34 சதவீதம் வருகிறது. மீதிதான் 66.

"ரெண்டு தடவை தோத்தாச்சு, இப்போ வந்தே தீரும்" என்ற நம்பிக்கையும் இங்கே உடையும். பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு உருட்டலிலும் அதே 30-தான்.

ஒரே நிறத்தில் ஒரு சிக்கல்

இனி அந்த மேசைக்கு வருவோம். தம்பி உருட்டிய இரண்டு பகடையும் ஒரே கறுப்பு, இரண்டிலும் 0 முதல் 9 வரை மட்டுமே. அக்காவின் பத்துப் பகடை சோபாவுக்கு அடியில் எங்கோ உருண்டு போய்விட்டது. எது பத்து, எது ஒன்று என்று உருட்டும் முன் யாரும் சொல்லவில்லை.

"ஒரு தடவைதானே அக்கா, இருபத்தேழுன்னு வெச்சுக்கலாமே. பாப்பா அழுதுடுவா" என்கிறான் தம்பி. சுயநலம் இல்லை, தங்கைப் பாசம்தான். ஒரு தடவைதானே, என்ன போய்விடும்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. விழக்கூடிய ஜோடிகள் மொத்தம் நூறு. வேண்டியது 30 அல்லது அதற்குக் கீழ்.

இரண்டு பகடையிலும் 3 முதல் 9 வரையே விழுந்தால், எப்படிப் படித்தாலும் தோல்விதான். அப்படி 49 ஜோடிகள். இரண்டும் பூஜ்யம் என்றால் 100, அதுவும் தோல்வி. ஆக, எந்தப் பக்கம் படித்தாலும் தோல்வி 50.

எந்தப் பக்கம் படித்தாலும் வெற்றி என்பவை 10. 1-ம் 2-ம் விழுந்தால் 12, 21 இரண்டுமே முப்பதுக்குள். அந்த மாதிரி.

மீதி 40 ஜோடிகளில், ஒரு பக்கம் படித்தால் வெற்றி, மறுபக்கம் படித்தால் தோல்வி. 7-ம் 2-ம் அந்த ரகம்.

விழுந்த பிறகு பிடித்த பக்கம் படிக்கலாம் என்று விட்டால், 10-ம் 40-ம் சேர்ந்து 50. தாளில் 30 என்று எழுதியிருப்பது, யாருக்கும் தெரியாமல் 50 ஆகிவிடுகிறது. இது சின்னச் சலுகை இல்லை. ஏழாம் பதிப்பில் சூழ்நிலை மிகச் சாதகமாக இருந்தால் 'போனஸ் பகடை' என்று ஒன்று கொடுப்பார்கள். இரண்டு பத்துப் பகடைகளை உருட்டி, நல்லதை வைத்துக்கொள்ளலாம். அதில் 30-க்கான வாய்ப்பு 51 ஆகும். பாதகமான சூழ்நிலையில் இரண்டில் மோசமானதைத்தான் எடுக்க வேண்டும். வாய்ப்பு 9-க்கு விழும். கதை நடத்துபவர் யோசித்து, காரணம் சொல்லிக் கொடுக்கும் அந்தப் பரிசுக்கு ஏறக்குறைய சமமானதை, பின்னால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்.

"அப்போ திரும்ப உருட்டட்டுமா?" என்கிறான் தம்பி. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. சந்தேகம் வரும் 40 ஜோடிகளுக்கு மட்டும் திரும்ப உருட்டினால், அந்த 40-ல் 30 சதவீதம், அதாவது 12-தான் வெற்றியாகும். முன்பே உள்ள 10-ஐச் சேர்த்தால் 22. முதலில் தம்பிக்குச் சாதகமாக இருந்தது, இப்போது பாதகமாகிவிட்டது.

பூவா, தலையா?

பாட்டி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்க்கிறார். ஒரு ரூபாய் நாணயம் மேசைக்கு வருகிறது.

"சுண்டிப் போடு. ஆனா முன்னாடியே சொல்லிட்டுப் போடு."

அக்கா சொல்கிறாள். "தலை விழுந்தா இருபத்தேழு. பூ விழுந்தா எழுபத்திரண்டு. எல்லாருக்கும் சரியா?"

சரி என்கிறார்கள்.

பாட்டி கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கணக்கும் அவர் பக்கம்தான். சந்தேகமான 40 ஜோடிகளில் நாணயம் பாதியை, அதாவது 20-ஐ வெற்றிப் பக்கம் தள்ளும். முன்பே உள்ள 10-ஐச் சேர்த்தால் 30. தாளில் எழுதியிருப்பது அப்படியே வந்துவிடுகிறது. கூட ஒன்றும் இல்லை, குறைய ஒன்றும் இல்லை. எது பத்து என்று உருட்டும் முன் சொல்ல மறந்ததை, நாணயம் பாரபட்சமில்லாமல் இப்போது சொல்லிவிடுகிறது.

நாணயம் சுழன்று விழுகிறது.

பூ.

எழுபத்திரண்டு. தொல்லியல் ஆய்வாளர் அந்தப் பழைய வீட்டின் படிக்கட்டிலேயே கண்ணை மூடிவிட்டார். கடைக்குட்டியின் கண்ணில் நீர் திரள்கிறது. தம்பி தலையைக் குனிந்துகொள்கிறான்.

"ஸாரி பாப்பா."

"நீ என்ன பண்ணுவ அண்ணா, பூ விழுந்துடுச்சு."

அழுகை இருந்தது, சண்டை இல்லை. நாளைக்கு அவளுக்குச் சாதகமாக ஒரு 27 விழும்போது, "அன்னைக்கு மட்டும் மாத்திப் படிச்சீங்களே" என்று யாரும் சொல்லப் போவதில்லை. அவள் ஜெயித்தால் அது முழு ஜெயம்.

உருட்டும் முன் நான்கு பேச்சு

அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் உட்கார்ந்தவுடனே பேசி முடிக்கும் விஷயங்கள் இவை. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எது பத்து, எது ஒன்று? இரண்டு நிறப் பகடை இருந்தால் அடர்ந்த நிறம் பத்து என்று வைத்துக்கொள்வது எளிது. ஒரே நிறம்தான் இருக்கிறது என்றால் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டலாம். முதலில் விழுவது பத்து.

இரண்டு பூஜ்யம் என்றால் எவ்வளவு? ஆட்டத்தின் புத்தகம் சொல்வதே கணக்கு. பெரும்பாலும் 100.

குறைவு நல்லதா, அதிகம் நல்லதா? புதிதாக வந்தவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 98 விழுந்ததும் கை தட்டிவிட்டு அசடு வழிய வேண்டியிருக்காது.

கீழே விழுந்தால், புத்தகத்தின் மேல் சாய்ந்து நின்றால் செல்லுமா? பெரும்பாலான வீடுகளில் செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். எண் பிடித்திருந்தாலும் செல்லாது, பிடிக்காவிட்டாலும் செல்லாது.

போனில் பகடை உருட்டும் ஆப்கள் இருக்கின்றன. தொட்டால் 1 முதல் 100 வரை ஓர் எண் வந்துவிடும், படிப்பதில் தகராறே வராது. ஆனாலும் பகடையை உள்ளங்கையில் குலுக்கி, ஊதி, மேசையில் விடுவதில் இருக்கும் சுகம் வேறு. அதை விடப் பலருக்கு மனம் வருவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சோபாவுக்கு அடியிலிருந்து பத்துப் பகடை இன்னும் கிடைத்தபாடில்லை. தம்பி வேறொரு செட்டிலிருந்து வெள்ளைப் பகடை ஒன்றைத் தேடி எடுத்து வந்திருக்கிறான். கடைக்குட்டியிடம் புதுத் தாள், புதுக் கதாபாத்திரம். இந்தத் தடவை ஒரு நர்ஸ். முதலுதவிக்கு எதிரே பெரிய எழுத்தில் 70 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

இரண்டு பகடையையும் கையில் மூடிக் குலுக்குகிறாள். விடுவதற்கு முன் எல்லோரையும் ஒரு முறை பார்க்கிறாள்.

"கறுப்பு பத்து. வெள்ளை ஒண்ணு. எல்லாருக்கும் கேட்டுச்சா?"